உரையாடல் இருக்கட்டும், மதிப்பெண் வேண்டாம்

தில்லி புனித ஸ்டீபன் கல்லூரியில் கிறிஸ்தவர் அல்லாத மாணவர்களைப் பொது நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணின் அடிப்படையில் மட்டுமே சேர்க்க வேண்டும் என்று 2022 செப்டம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறுபான்மை உரிமையைக் கருதி, கிறிஸ்தவ மாணவர்களுக்கு மட்டும் நேர்முகத் தேர்வுக்கு 15 சதவீத மதிப்பெண்ணை அனுமதித்தது.

ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி வழக்கில், நேர்முகத் தேர்வுக்கு 15 சதவீதத்துக்கு மேல் ஒதுக்குவது நியாயமற்றது என்று 1980-லேயே உச்ச நீதிமன்றம் கூறியது. அக்கல்லூரி மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணை ஒதுக்கியிருந்தது. இரண்டு, மூன்று நிமிட நேர்முகத்தில் பெற்றோர், வசிப்பிடம் பற்றியே கேட்டனர் என்பது மாணவர்களின் புகார்.

ஆனால், 15 சதவீதமும் சிறிதன்று. இடங்கள் சில, போட்டியிடுவோர் பலர் என்றிருக்கையில் ஓரிரு மதிப்பெண்ணே வாழ்வைத் தீர்மானிக்கிறது. தடையற்ற ஆங்கிலம் வீட்டிலேயே வாய்த்தவருக்கு நேர்முகம் எளிது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறும் மாணவருக்கு அதுவே தடைக்கல்.

மாணவரை நேரில் அறிய விரும்புவது தவறன்று. விரும்பும் மாணவர்கள் முன்னாள் மாணவர்களைச் சந்தித்துக் கல்லூரியைப் பற்றி அறியட்டும். அச்சந்திப்புக்கு மதிப்பெண் மட்டும் கூடாது. மதிப்பெண் தொடரும் இடங்களில், உச்ச நீதிமன்றம் அன்றே யோசனை கூறியபடி, நேர்முகத்தை ஒலிப்பதிவு செய்வதே குறைந்தபட்ச நேர்மை.