விமானத் தளத்தில் ஓர் இரவு: கேமராக்காரர்களை உள்ளே விடலாம்

லண்டனுக்கு மேற்கே நார்த்தோல்ட் என்ற விமானப்படைத் தளம் இருக்கிறது. 1940-இல் ஜெர்மன் விமானங்கள் பிரிட்டன்மீது குண்டு வீசியபோது, போலந்து விமானிகளின் 303-ஆவது ஸ்குவாட்ரன் இங்கிருந்து எழும்பித்தான் அவற்றை எதிர்கொண்டது. இன்றும் இயங்கிவரும் இந்தத் தளத்துக்குள், கேமராவும் ட்ரைபாடுமாக வரும் பொதுமக்களை இரவு நேரத்தில் கட்டணம் வாங்கிக்கொண்டு அனுமதித்திருக்கிறார்கள். தளத்தின் போர்க்கால இயக்க அறையைச் சீரமைக்க அந்தப் பணம் உதவியது.

இந்தியாவில் இப்படியொரு யோசனையைச் சொன்னால் முதலில் புருவம் உயரும். 2010-இல் டெல்லி விமான நிலையத்தருகே ஹோட்டலில் தங்கி விமானங்களைக் கவனித்துக்கொண்டிருந்த 2 பிரிட்டிஷ்காரர்கள் கைதானார்கள். சந்தேகம் இங்கே மட்டும் எழுவதல்ல. 2001-இல் கிரேக்கத்தின் கலமாட்டா தளத்தில் 12 பிரிட்டிஷ்காரர்களும் 2 டச்சுக்காரர்களும் பிடிபட்டு, உளவு வழக்கில் தண்டனையும் பெற்றார்கள். மேல்முறையீட்டில்தான் விடுதலை கிடைத்தது. இவர்கள் எல்லோருமே விமானம் பார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள்.

வேலிக்கு வெளியே தனியாக நிற்பவர் யார், எதற்கு நிற்கிறார் என்று காவலருக்குத் தெரியாது. பெயர் பதிந்து, அடையாள அட்டை காட்டி, குறித்த நேரத்தில் உள்ளே வருபவரைப் பற்றி எல்லாமே தெரியும். பாதுகாப்பைக் காரணம் காட்டுபவர்கள் இந்த வேறுபாட்டை யோசிக்க வேண்டும்.

தவிர, இரவில் விமானத்தைப் படமெடுப்பது அவசரக்காரர்களின் வேலையே அல்ல. சூரியன் மறைந்த முதல் அரை மணி நேரம் வானம் கருநீலமாக இருக்கும். விமானத்தின் விளிம்பு அப்போதுதான் பின்னணியிலிருந்து பிரிந்து தெரியும். முழுக்க இருட்டிவிட்டால் வால் பகுதி வானத்தோடு கரைந்துபோகும். அதனால் எந்த விமானம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது, விளக்குக் கம்பம் எங்கே, எல்லைக் கயிறு எங்கே என்பதை வெளிச்சம் இருக்கும்போதே நடந்து பார்த்துவிட வேண்டும்.

கேமராவுக்கும் தனித் தயாரிப்பு உண்டு. ட்ரைபாடில் ஏற்றியதும் லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணைத்துவிடுவார்கள். ஆட்டோஃபோகஸ் இருட்டில் தடுமாறும் என்பதால், விமானத்தின் பதிவெண்ணைத் திரையில் பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்வார்கள். ஐஎஸ்ஓ 100 அல்லது 200, அபெர்ச்சர் எஃப் 8, ஷட்டர் 10 முதல் 20 நொடி: சும்மா நிற்கும் விமானத்துக்கு இது நல்ல தொடக்கம். விரல் பட்டால்கூடப் படம் ஆடும் என்பதால் ரிமோட்டோ 2 நொடி டைமரோ தேவை. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், லென்ஸில் பனி படியும். உபரி பேட்டரியும் துடைக்கத் துணியும் பையில் இருக்க வேண்டும்.

இன்ஜினை ஓடவிட்டால் கணக்கே மாறும். நிமிடத்துக்கு 1,200 முறை சுற்றும் புரொபெல்லர் ஒரு நொடியில் 20 சுற்று முடித்துவிடும். படத்தில் அது மெல்லிய வட்டமாக விழும். பார்க்க அழகுதான். ஆனால் இன்ஜின் அதிர்வில் விமானமே நடுங்குவதால் 10 நொடி ஷட்டரில் உடல் முழுக்கக் கலங்கிவிடும். ஐஎஸ்ஓவை ஏற்றி, ஷட்டரை ஓரிரு நொடிக்குக் குறைத்தாக வேண்டும்.

அந்த மெல்லிய வட்டம்தான் பெரிய ஆபத்தும்கூட. இருட்டில் சுற்றும் புரொபெல்லர் கண்ணுக்கே தெரியாது. ஆகவே கயிற்றைத் தாண்டக் கூடாது என்ற விதிக்கு விலக்கே கிடையாது. ஃபிளாஷும் கூடாது, அது தரைப் பணியாளரின் கண்ணைக் கூசவைக்கும், அக்கம்பக்கத்தவரின் படங்களையும் கெடுக்கும்.

லென்ஸ் மூடியோ ட்ரைபாடின் திருகோ கீழே விழுந்தால் தேடி எடுக்காமல் நகரக் கூடாது. 2000 ஜூலை 25 அன்று பாரிஸில் கான்கார்டு விமானம் விழுந்து 113 பேர் இறந்ததற்கு, முன்னால் போன விமானத்திலிருந்து ஓடுபாதையில் விழுந்துகிடந்த அரை மீட்டர்கூட இல்லாத உலோகப் பட்டைதான் தொடக்கம். இதையெல்லாம் முன்கூட்டியே விளக்கி, ஒப்புதல் வாங்கிக்கொண்டு அழைத்துப் போனால் கேமராக்காரர்கள் தளத்துக்குத் தொல்லையாக மாட்டார்கள்.

இந்திய விமானப்படையில் 1963-இல் சேர்ந்த மிக்-21, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் பறந்த ஒரு விமானத்தைப் பொதுமக்கள் நின்று நிதானமாகப் படமெடுக்க எத்தனை வாய்ப்பு கிடைத்திருக்கும்? ‘பரசுராமா’ என்று பெயரிடப்பட்ட டகோட்டா, டைகர் மாத், ஹார்வர்டு எனப் பழம்பெரும் விமானங்களை விமானப்படை இன்னும் பாதுகாத்து வருகிறது. இவற்றை ஆண்டுக்கு ஓர் இரவு வரிசையாக நிறுத்தி, முன்பதிவு செய்த சிலரை உள்ளே விடலாம். ரேடார், ஆயுதக் கிடங்கு இருக்கும் பக்கத்தை மறைத்துவிடலாம். வசூலைப் பழைய விமானங்களின் பராமரிப்புக்குத் தரலாம்.

1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் 13-ஆவது விதிகூட, அரசு விமான நிலையங்களில் எழுத்துபூர்வ அனுமதியோடு படமெடுக்க இடம் வைத்தே எழுதப்பட்டது. சிவில் நிலையங்களில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமும், படைத் தளங்களில் பாதுகாப்பு அமைச்சகமும் அந்த அனுமதியைத் தர முன்வர வேண்டும். முதலில் ஒரே ஒரு தளத்தில், ஓர் இரவுக்கு மட்டும் சோதித்துப் பார்க்கட்டும்.