கறுப்பு உடுத்த பெண் கேட்டு வாங்கிய பண்டிகை



சென்ற மாதம் எமது பெண்கள் குழுக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்குப் பார்த்து முடிந்த பின்னர், தேநீர் குடித்தபடி ஒரு சகோதரி தனது மூத்த மகளின் கலியாணத்தைப் பற்றிச் சொன்னார். யுத்தத்தில் கணவனை இழந்து, தையல் வேலை செய்து, பிள்ளைகளைத் தனியாகவே வளர்த்தவர் அவர். கலியாணத்துக்கு முன்னர் நடக்கும் பலகாரச் சூட்டைப் பற்றிச் சொல்ல வந்தபோது அவருடைய குரல் மாறியது.

"பயறு வறுத்து, மா அரிச்சு, பாகு காய்ச்சி எல்லாம் நான்தான் செய்தனான் தங்கச்சி. தாச்சியை அடுப்பில வைச்ச நேரம் ஒருத்தரும் என்னை ஒண்டும் சொல்லேல்லை. நானாத்தான் குசினிக்கு வெளியில வந்து நிண்டனான். முதல் பலகாரத்தைப் பக்கத்து வீட்டு அக்கா போட்டவ."

ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, தானாகவே வெளியில் வந்து நின்றார் என்பதுதான் என்னை அன்றிரவு நித்திரை கொள்ள விடவில்லை. அப்போது எனக்குக் கடல் கடந்த ஒரு குசினியும், அங்கே நான் கேட்ட கதைகளும் நினைவுக்கு வந்தன. அவற்றைத்தான் இம்மாதம் உங்களுடன் பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

2018ஆம் ஆண்டு சமூகப்பணி தொடர்பான ஒரு குறுகிய காலப் பயிற்சிக்காக அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்துக்குச் சென்றிருந்தேன். தங்குவதற்கு ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டில் இடம் கிடைத்தது. சரித்திரம் கற்பித்தவர், எழுபது வயது. நான் அவரை அன்ரி என்றே கூப்பிட்டேன்.

நவம்பர் மாதத்தில் அந்த நாட்டவர் கொண்டாடும் பெரிய பண்டிகை தாங்ஸ்கிவிங் எனப்படும் நன்றி தெரிவிக்கும் நாள். நான்காவது வியாழக்கிழமையில் அது வரும். கனடாவில் ஒக்ரோபர் மாதம் இரண்டாவது திங்கட்கிழமையில் கொண்டாடுவார்கள். கனடாவில் உறவினர் உள்ளவர்கள், பிள்ளைகள் வான்கோழியின் முன்னால் நின்று எடுத்து அனுப்பும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். தூர இடங்களில் வேலை பார்க்கும் பிள்ளைகள் எல்லோரும் அன்று தாய் தகப்பன் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். எமது ஊரில் வருசப்பிறப்புக்குப் பஸ் நிறைந்து வருவது போலத்தான்.

வான்கோழி பெரிய சாப்பாடு. ஆனால் வீட்டின் வாசனை முதல்நாளே தொடங்கிவிடும். அன்றுதான் "பை" வெதுப்புவார்கள். பை என்றதும் நான் சாமான் வாங்கும் பையைத்தான் நினைத்தேன். இது கோதுமை மாவினால் செய்த ஓட்டுக்குள் பழமோ பூசணிக்காயோ நிரப்பிப் போறணையில் வெதுப்பும் பலகாரம்.

அன்ரி எனக்கும் ஒரு ஏப்ரனைக் கட்டிவிட்டார். மாவுக்குள் குளிர்ந்த பட்டரைப் போட்டு, கடலைப் பருப்பு அளவு துணிக்கைகளாகும்வரை விரல் நுனியால் உதிர்க்க வேண்டும். பின்னர் ஐஸ் தண்ணீர் தெளித்துச் சேர்த்து எடுக்க வேண்டும். நான் ரொட்டிக்குக் குழைப்பது போல உள்ளங்கையால் அழுத்தத் தொடங்கியதும் அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். அதிகம் குழைத்தால் ஓடு இறுகிவிடுமாம். அவித்து மசித்த பூசணிக்காயுடன் முட்டை, பால், சீனி, கறுவா, இஞ்சி, சாதிக்காய், கராம்புத் தூள் சேர்த்து ஓட்டுக்குள் ஊற்றினார். ஓரம் இறுகி, நடுப்பகுதி மட்டும் இலேசாக ஆடும்போது வெளியில் எடுத்துவிட வேண்டும். ஆறும்போது நடுவும் தானாக இறுகிவிடும். வாயில் வைத்தபோது எனக்கு வட்டிலப்பத்தின் நினைவு வந்தது.

நான் ஊரிலிருந்து கொண்டுபோன கறுவாப் பட்டையைப் பார்த்து அன்ரி ஆச்சரியப்பட்டார். அங்கே கடைகளில் பெரும்பாலும் விற்பனையாவது தடித்த பட்டையுடைய வேறு இனம். எங்களுடையது சுருட்டுப் போல மெல்லிய தோல்கள் ஒன்றுக்குள் ஒன்று சுருண்டிருப்பது. "இது அண்ணாவின் பைக்கு" என்று அதை அவர் தனியாக எடுத்து வைத்தார்.

பிறகு பழைய தகரப் பெட்டி ஒன்றிலிருந்து ஒரு மட்டையை எடுத்துக் காட்டினார். அவருடைய அம்மாவின் கையெழுத்தில் அப்பிள் பை செய்யும் முறை. பட்டர் பட்டுப் பட்டு மஞ்சளாகிப் போயிருந்தது. ஓரத்தில் "இவனுக்குக் கறுவா கூடப் போடவும்" என்று எழுதியிருந்தது. அந்த அண்ணா 1968இல் வியட்நாம் யுத்தத்தில் கொல்லப்பட்டவர்.

"மூன்று நவம்பர் அம்மா போறணையை மூட்டவில்லை. நாலாம் வருசம் ஒருவருக்கும் சொல்லாமல் அண்ணாவின் பையைச் செய்து மேசையில் வைத்தார். யாருக்கும் அதை வெட்டக் கை வரவில்லை. அப்பா கத்தியை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தார். செய்தது நீ, முதலில் வெட்ட வேண்டியதும் நீதான் என்றார். அம்மா வெட்டினார். எல்லோரும் அழுதுகொண்டே சாப்பிட்டோம்."

துக்கம் நடந்த வீட்டுப் பெண்ணை முன்னுக்கு விட்டதற்கு ஊரில் யாரும் ஒன்றும் சொல்லவில்லையா என்று நான் கேட்டேன். அன்ரி சிரித்தார். "இந்தப் பண்டிகையைக் கேட்டு வாங்கியதே துக்கம் காத்த ஒரு பெண்தான்" என்று சொல்லி, அந்தக் கதையைத் தொடங்கினார்.

சாரா ஜோசபா ஹேல் 1788இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பிறந்தவர். 1822இல் அவருடைய கணவர் நோயினால் இறந்தபோது நான்கு பிள்ளைகள், ஐந்தாவது வயிற்றில். அன்று தொடங்கிச் சாகும்வரை அவர் கறுப்பு உடுப்பே உடுத்தார். அக்காலத்தில் அந்த நாட்டிலும் கணவனை இழந்தவர்களுக்குக் கட்டுப்பாடுகள் இருந்தன. நீண்ட காலம் கறுப்பு உடுத்து, கொண்டாட்டங்களுக்குப் போகாமல் இருக்க வேண்டும் என்பதே நல்ல குடும்பத்துப் பெண்ணுக்குரிய இலக்கணம். சாரா முதலில் மைத்துனியுடன் சேர்ந்து தொப்பி தைத்து விற்றார். பின்னர் பேனாவை எடுத்தார். 1827இல் வெளிவந்த அவரது நாவலில் நன்றி நாள் விருந்து ஒன்றைப் பூசணிப் பை உட்பட விரிவாக எழுதினார். சிறுபிள்ளைகள் பாடும் மேரியின் ஆட்டுக்குட்டிப் பாட்டும் 1830இல் அவர் எழுதியதே. 1837 முதல் 1877 வரை கோடீஸ் லேடீஸ் புக் என்னும் பெண்கள் சஞ்சிகையின் ஆசிரியையாக இருந்தார்.

அந்நாட்களில் இந்தப் பண்டிகை சில மாநிலங்களில் மட்டும், வெவ்வேறு திகதிகளில் நடந்தது. நாடு முழுவதும் ஒரே நாளில் எல்லோரும் உறவுகளுடன் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று சாரா 1846 முதல் வருடா வருடம் எழுதினார். ஜனாதிபதிகளுக்கும் ஆளுநர்களுக்கும் கடிதம் மேல் கடிதம் போட்டார். அப்படியே 17 வருடங்கள் போயின.

இதற்கிடையில் அந்த நாட்டில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. 1863 ஜூலையில் கெற்றிஸ்பேர்க் என்னுமிடத்தில் மூன்று நாட்களில் மட்டும் இரு தரப்பிலும் ஏறத்தாழ 50,000 பேர் இறந்தும் காயப்பட்டும் காணாமற்போயும் இருந்தார்கள். அந்த வருடம் செப்டெம்பர் 28ஆம் திகதி சாரா ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனுக்கு எழுதினார். ஒக்ரோபர் 3ஆம் திகதி நாடு முழுவதற்குமான நன்றி நாள் பிரகடனம் வெளிவந்தது. விளைச்சலுக்கு நன்றி கூறும் அந்தப் பிரகடனமே, யுத்தத்தினால் விதவைகளானவர்களையும் அநாதைகளானவர்களையும் துயருற்றவர்களையும் இறைவனின் பரிவுக்கு ஒப்படைக்கும்படி மக்களைக் கேட்டுக்கொண்டது.

அதைக் கேட்டதும் எனக்கு வாய் அடைத்துப்போனது. பண்டிகைக்கு அழைக்கும் கடிதத்திலேயே கணவனை இழந்தவர்களின் பெயரும் இருந்தது.

சாராவை நான் குறையில்லாதவராகக் காட்ட விரும்பவில்லை. பெண்களின் கல்விக்காக உழைத்த அவர், பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்பதை ஆதரிக்கவில்லை. அவர் பெற்றுக்கொடுத்த பண்டிகைக்கும் ஒரு இருண்ட பக்கம் உண்டு. அதை எனக்குக் காட்டியவள் அன்ரியின் பேத்தி. பல்கலைக்கழகத்தில் படிப்பவள். பண்டிகை நாளன்று காலையில் கம்பளி உடுப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு பிளிமத் நகருக்குப் புறப்பட்டாள்.

பிளிமத்தில்தான் 1621இல் ஆங்கிலேயக் குடியேறிகளும் வாம்பனோக் என்னும் பூர்வீகக் குடிகளும் மூன்று நாட்கள் சேர்ந்து விருந்துண்டார்கள் என்று சொல்லப்படுகிறது. கப்பலில் வந்த சுமார் நூறு பேரில் பாதிப்பேர் முதல் குளிர்காலத்திலேயே இறந்துவிட்டார்கள். திருமணமான பெண்களில் எஞ்சியவர்கள் நான்கே பேர். அந்த நால்வர்தான் அன்று அடுப்படியைப் பார்த்திருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். பட்டரும் கோதுமை மாவும் இல்லாத அந்த விருந்தில் பை இருந்திருக்க முடியாது. வாம்பனோக் மக்களோ அதற்குச் சில வருடங்களுக்கு முன்னரே வெளியார் கொண்டுவந்த நோயினால் ஊர் ஊராக அழிந்திருந்தார்கள். பின்னர் நிலத்தையும் இழந்தார்கள்.

1970இல், குடியேற்றத்தின் 350ஆவது ஆண்டு விழாவில் பேச வம்சாவளி வாம்பனோக் ஒருவரை அழைத்தார்கள். அவர் எழுதிக் கொடுத்த உரையில் இந்த உண்மைகள் இருந்ததால் அதைப் பேச அனுமதிக்கவில்லை. அந்த வருடம் தொடக்கம் பூர்வீகக் குடிகளும் அவர்களை ஆதரிப்போரும் நன்றி நாளன்று பிளிமத்தின் கோல்ஸ் ஹில் குன்றில் கூடித் துக்க நாள் கடைப்பிடிக்கிறார்கள். 2018இல் அந்த நாள் கடும் குளிர். மாலையில் விறைத்துப்போய்த் திரும்பி வந்த பேத்தியை அன்ரி ஏசவில்லை. மூடி வைத்திருந்த பைத் துண்டை எடுத்துச் சூடாக்கிக் கொடுத்தார். ஒரே நாள், ஒரே வீடு. ஒருவர் வெதுப்பினார், ஒருவர் துக்கம் காத்தார், இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள்.

பண்டிகைகள் சமூகத்தை ஒன்றுசேர்க்கின்றன என்று சமூகவியல் பரீட்சையில் நான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். யாரை வெளியில் நிறுத்துகின்றன என்று எந்த வினாத்தாளிலும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி எங்கள் வீட்டிலேயே இருந்தது. 1996இல் நாங்கள் இடம்பெயர்ந்திருந்தபோது ஷெல் விழுந்து அப்பா இறந்தார். எனக்கு 7 வயது. அதன் பிறகு ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் பானையில் அரிசி போட மாமா வரும்வரை காத்திருப்போம். கோலம் போட்டு, அடுப்பு மூட்டி, பாலும் ஊற்றிவிட்டு அம்மா பின்வளவுக்குப் போய்விடுவார்.

அமெரிக்காவிலிருந்து வந்த பின்னர், 2019 பொங்கலுக்கு, "நீங்களே போடுங்கோ அம்மா" என்றேன். "விசர்க்கதை கதையாதை பிள்ளை" என்றுவிட்டுப் போய்விட்டார். அடுத்த வருடமும் அதே பதில். 2021இல் கொரோனா காரணமாக மாமாவால் வர முடியவில்லை. பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. நான் அரிசிச் சுளகை நீட்டிக்கொண்டே நின்றேன். அம்மா ஒருதரம் படலைப் பக்கம் பார்த்தார். பிறகு என் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மூன்று பிடி அரிசி போட்டார். போட்டுவிட்டுத் திண்ணையில் இருந்து நெடுநேரம் அழுதார். அந்த வருடப் பொங்கலில் சர்க்கரை கொஞ்சம் கூடிவிட்டது. வேறொரு குறையும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அதற்குப் பிறகு மாமா வந்தாலும் அம்மாதான் போடுகிறார்.

தோழிகளே, பலகாரம் சுட்டால் துக்கம் தீர்ந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. துக்கம் இருக்கிறவர் துக்கமாகவே இருக்கலாம். காணாமற்போனவரைத் தேடிக்கொண்டிருப்பவர், இன்னும் எதையும் செய்ய மனமில்லை என்றால் செய்யாமல் விடலாம். அது அவரவர் மனம். ஆனால் மா இடித்த கை தாச்சிக்குக் கிட்டப் போகக் கூடாது என்பது மனமல்ல, வழக்கம். வழக்கத்தை மனிதர்தான் வைத்தார்கள். அதை மாற்றக் கூடியவர்களும் மனிதர்தான். அதிலே பக்கத்து வீட்டு அக்காமாருக்கும் பங்கு உண்டு. அன்ரியின் அப்பா செய்தது போல, அகப்பையை அந்தத் தாயின் கையில் கொடுத்துவிடலாம் அல்லவா?

கடந்த வாரக் கூட்டத்தில் இந்தக் கதையைச் சொன்னேன். அந்தச் சகோதரி கனநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தத் தாய் வெட்டின பலகாரம் ருசியா இருந்ததாமோ?" என்று கேட்டார். "அடிப்பக்கம் கொஞ்சம் கருகிப் போச்சுதாம் அக்கா" என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டோம். அவருடைய இரண்டாவது மகளுக்கும் இப்போது சம்பந்தம் பேசுகிறார்கள். பலகாரச் சூட்டுக்கு எங்கள் குழுவே போவதாக முடிவு செய்திருக்கிறோம்.

உங்கள் வீட்டில் யாருடைய நினைவால், அல்லது யாருடைய சொல்லால், எந்தப் பலகாரம் நின்றுபோனது? அதன் செய்முறையையும் அந்தக் கதையையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.