மறைக்க வேண்டிய நோயன்று மூலம்

திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ பேருந்துக்குக் காத்து நின்றவர்கள் அந்தச் சுவரொட்டியைக் கண்டிருப்பார்கள். மூலமும் பௌத்திரமும் கத்தியின்றி ஒரே நாளில் குணமாகும் என்ற அறிவிப்பு. கீழே ஒரு கைபேசி எண். மருத்துவரின் பதிவெண் இராது. எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வருவோரில் சிலர், அந்த எண்ணை நம்பிப் பணத்தையும் பல மாதங்களையும் இழந்த பின்னரே வந்து சேர்கின்றனர்.

அவர்களை நாங்கள் குறை கூறவில்லை. மறைவிடத்து நோயை வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். மருத்துவமனைக்குப் போனால் அறுத்துவிடுவார்கள் என்ற அச்சம். படுத்துவிட்டால் கூலி போகுமே என்ற கவலை. துறைமுகச் சுமைப்பணியாளருக்கும் காசிமேட்டு மீனவருக்கும் இவை மெய்யானவை. ஆயினும் உள்மூலத்தைப் பொறுத்தவரை, அறுவை பற்றிய அச்சம் பெரும்பாலோர்க்குத் தேவையற்றது என்பதே எங்கள் கருத்து.

உள்மூலம் நான்கு நிலைகளாகப் பிரிக்கப்படுகிறது. முதல் நிலையில் குருதி வரும், சதை வெளிவராது. இரண்டாம் நிலையில் வெளிவந்து தானே உள்ளே செல்லும். மூன்றாம் நிலையில் கையால் தள்ள வேண்டும். நான்காம் நிலையில் தள்ளினாலும் தங்காது. தொடக்க நிலையில் நார்ச்சத்துள்ள உணவும், போதிய தண்ணீரும், முக்காமல் மலம் கழிக்கும் பழக்கமுமே பலருக்குப் போதும். அதற்கு அடங்காத முதல் இரு நிலைகளுக்கும், மூன்றாம் நிலையில் பலருக்கும் ரப்பர் வளையம் இடும் சிகிச்சை உண்டு. அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் பேரன் 1963-இல் செம்மைப்படுத்திய முறை இது. சிறு குழாய்க் கருவியின் வழியே மூலத்தின் அடியில் வளையம் மாட்டப்படுகிறது. குருதியோட்டம் நின்று, சில நாள்களில் அது சுருங்கி உதிர்கிறது. வளையம் இடும் பகுதியில் வலியுணர்வு மிகக் குறைவு. ஆதலால் மயக்க மருந்து பெரும்பாலும் வேண்டியதில்லை. அன்றே வீடு திரும்பலாம். ஓரிரு நாள் கனமான உணர்வும் மந்தமான வலியும் இருக்கலாம்.

இதன் குறையையும் சொல்லியாக வேண்டும். 2016-இல் லான்செட் இதழில் வெளிவந்த பிரிட்டன் ஆய்வொன்றில், வளையம் இட்டவர்களுள் 49 விழுக்காட்டினருக்கு ஓராண்டுக்குள் தொல்லை மீண்டது. மூலத்துக்குச் செல்லும் தமனியைத் தையலிட்டுக் கட்டிய பிரிவில் அது 30 விழுக்காடு. ஆனால் அம்முறையில் தொடக்க வலியும் செலவும் மிகுதி. மறுமுறை வளையம் இடுவதையும் ஒரே சிகிச்சையாகக் கணக்கிட்டபோது, வேறுபாடு பெரிதும் குறைந்தது. ஆகவே எளிய முறையில் தொடங்கி, வேண்டுமாயின் மீண்டும் செய்துகொள்வதே நன்று. நான்காம் நிலைக்குப் பெரும்பாலும் அறுவையே தக்கது. லேசர் என்னும் சொல்லுக்காக எவரும் கடன்பட வேண்டியதில்லை.

யாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. மலத்தோடு வரும் குருதி அனைத்தும் மூலத்தால் வருவதன்று. மலக்குடல் புற்றுநோயும் அவ்வாறே தொடங்கலாம். பரிசோதனையின்றி மூலம் என்று பெயரிட்டுவிடுவதே சுவரொட்டி வைத்தியத்தின் பெருந்தீங்கு. விரலாலும் உள்நோக்கியாலும் செய்யும் பரிசோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும். மலம் கழிக்கும் வழக்கம் மாறியவர்கள், காரணமின்றி எடை குறைந்தவர்கள், குருதிச்சோகை உள்ளவர்கள், குடும்பத்தில் குடற்புற்று கண்டவர்கள், நடுவயதைக் கடந்தவர்கள் ஆகியோர் கொலோனோஸ்கோப்பி தேவையா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். குருதி உறையாமைக்கு மாத்திரை உட்கொள்வோர் அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். வளையம் இட்டபின் காய்ச்சல், கடும் வலி, சிறுநீர் அடைப்பு, மிகுந்த குருதிப்போக்கு ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் இரவென்றும் பாராது வர வேண்டும்.

சிகிச்சையோடு இது முடிவதுமில்லை. எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுக வாயிலுக்காக மணிக்கணக்கில் காத்திருக்கும் கண்டெய்னர் லாரி ஓட்டுநர், கழிப்பறை இல்லையென்று மலத்தை அடக்குகிறார், தண்ணீரையும் குறைக்கிறார். மலம் இறுகுகிறது, நோய் மீள்கிறது. வளையம் இடுவது எங்கள் பணி. வண்டிகள் நிற்கும் இடங்களில் தூய கழிப்பறை அமைப்பது துறைமுகத்தார்க்கும் மாநகராட்சிக்கும் உரிய பணி.

வீட்டிலுள்ளோரிடமும் ஒரு வேண்டுகோள். கழிப்பறையில் நெடுநேரம் இருக்கும் தந்தையிடமும், உட்காரத் தயங்கும் தாயிடமும் பரிவோடு கேளுங்கள். எங்களிடம் வர இயலாவிடில், ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கேனும் அழைத்துச் செல்லுங்கள். எங்கு காட்டினாலும் நன்றே. காட்டாதிருத்தல் ஒன்றே தீது.