ஸில்லியும் வெகுளியும்

ஆங்கிலத்தில் ‘ஸில்லி’ என்னும் பெயரடை நாள்தோறும் வழங்குவது. ஆராய்ந்து தெளியும் ஆற்றலற்றவனை இகழ்தற்கு அதனைக் கூறுவர். ஆயின் அச்சொல்லின் பிறப்பு வேறு. பழைய ஆங்கிலத்தில் அது ‘பேறு பெற்றவன்’ என்னும் பொருளது. அதனோடு உடன்பிறந்த ஜெர்மானியச் சொல்லாகிய ‘ஸேலிக்’ இன்றும் அப்பொருளையே தருகின்றது. பேறு பெற்றவன் மாசற்றவனாயினான், மாசற்றவன் இரங்கத்தக்கவனாயினான், 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அறிவிலியே ஆயினான். இதற்கு மாறாக, ‘நைஸ்’ என்பது அறியாமையைக் குறித்த இலத்தீன் மூலத்தினின்று தோன்றி, இன்று இனிமையைக் குறிக்கின்றது.

நம் மொழியிலும் இத்தகைய மாற்றம் உண்டு. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாட்டுள் ஒன்றாக வைத்த ‘வெகுளி’ சினத்தைக் குறிப்பது. திருக்குறளின் 31-ஆம் அதிகாரமாகிய வெகுளாமையும் சினவாமையே. இன்றோ, கபடமறியாத மனிதனை வெகுளி என்கின்றோம். அதில் பாதி பாராட்டு, பாதி இகழ்ச்சி. ‘மடம்’ என்பதும் அறியாமையே. எனினும் மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனைப் பரணர் பாடியவிடத்துக் ‘கொடைமடம்’ புகழாயிற்று.

நிற்க. கொல்லிமலையிலே சோளக்காட்டுச் சந்தைக்குப் பலாவும் வாழையும் அன்னாசியும் மிளகும் கொணரும் மலையாளி மக்களைச் சமவெளியார் பலர், “பாவம், வெகுளிகள், விலை பேசத் தெரியாதவர்கள்” என்பர். இது பொருந்துமோ? பழுத்த பலா நாளைவரை காத்திராது. 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து அதனைக் கீழே கொண்டுசெல்லக் கூலி வேண்டும். விற்காத சுமையை ஊருக்குத் திருப்பிச் சுமப்பதும் எளிதன்று. இவற்றையெல்லாம் எண்ணியே அவர் குறைந்த விலைக்கு இசைகின்றனர். அஃது அறியாமையன்று, நெருக்கடியிலே செய்த கணக்கு. மரத்தில் மிளகுக்கொடி ஏற்றவும், மழையறிந்து சாமை விதைக்கவும் வல்லார்க்குத் தேர்ந்து தெளியும் அறிவு இல்லை என்பது எங்ஙனம்?

வெகுளி என்று இரங்கிவிட்டால், குறை விற்பவன் அறிவில் நின்றுவிடுகின்றது. குறைத்துக் கேட்பவனையும், பொருளைக் காத்துவைக்கும் கிடங்கு போதாமையையும் எவரும் வினவார். ஒருவன் பிறரை நம்புதல் அறிவின்மையன்று. அந்நம்பிக்கையைப் பயன்கொண்டு ஏய்ப்பவனிடத்தே பழி உளது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய ஓரி ஆண்ட மலை அது. அவன் நாட்டை ஈந்ததைக் கொடை என்று போற்றும் நாம், அம்மலையார் ஒரு பழத்தைக் கூடுதலாகக் கொடுத்தால் மட்டும் அதனை அறியாமை என்னலாமோ?

சொற்பொருள் காலந்தோறும் திரியும். அதனைத் தடுத்தல் அரிது. ஆயினும் ஒரு சொல்லை யார்மேல் ஏற்றுகின்றோம் என்று எண்ணிப் பார்த்தல் தமிழ் பயிலும் நமக்கு அரிதன்று.