எந்த ஜெனரேஷன், ஐயா?

மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கு,

எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியின் கணினி லேபுக்குச் சென்ற கல்வியாண்டில் வந்து இறங்கிய 20 டெஸ்க்டாப்கள் பற்றித் தங்களுக்கு ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். நேரிலும் வந்தேன், தாங்கள் ஆய்வுக் கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனு சுற்றிச் சுற்றித் தங்கள் மேசைக்கே வந்து, "கொள்முதல் ஆணையில் கண்ட விவரக்குறிப்பின்படியே வழங்கப்பட்டுள்ளன" என்ற ஒற்றை வரிப் பதிலோடு முடிந்துபோனது. அதனால்தான் ஊரறிய இந்த மடல். நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினர். பிழைப்புக்குக் கணினி பழுது பார்க்கிறேன். அந்த ஆர்டர் எனக்குக் கிடைக்காத வயிற்றெரிச்சல் என்று யாராவது சொல்லக்கூடும். நான் விலைப்புள்ளியே கொடுக்கவில்லை.

வாங்கும் விதிகள் தங்களுக்குத் தெரியும். ஒரே ஒரு பெட்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஜன்னலோரம் மூன்றாவது மேசை. அடிக்கடி நின்றுவிடுகிறது என்று டீச்சர் சொல்ல, தலைமையாசிரியர் முன்னிலையில்தான் திறந்தேன். கேபினட் புத்தம் புதுசு. முன்பக்கத்துப் பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை. பக்கத் தகட்டைக் கழற்றினால் உள்ளே எச்61 போர்டு. ஃபேனைத் தூக்கினேன், அடியில் இருந்த பேஸ்ட் காய்ந்து பொடிப்பொடியாக உதிர்ந்தது. துடைத்துப் பார்த்தால் சிப்பின் மேல் ஐ5-3470. இன்டெல் 2012-ல் வெளியிட்ட மூன்றாவது ஜெனரேஷன். டிடிஆர்3 ராம், 4 ஜிபி, ஒற்றை ஸ்டிக். ஹார்ட் டிஸ்க்கின் லேபிளில் தயாரிப்பு ஆண்டு 2013. இன்று அதில் பைத்தான் எழுதிப் பழகும் பிளஸ் டூ பிள்ளைகள் அப்போது அங்கன்வாடியில் இருந்திருப்பார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஹார்ட் டிஸ்க் தான் ஓடிய நேரத்தைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும். அதையும் எடுத்துப் பார்த்தேன். 26,000 மணி நேரத்துக்கு மேல். ஓர் ஆண்டுக்கு இரவும் பகலுமாகச் சேர்த்தாலும் 8,760 மணி நேரம்தான். எங்கள் லேபில் அது வாரத்துக்குச் சில பீரியட் ஓடுகிறது. மிச்ச நேரம் எந்தக் கம்பெனியில், யாருக்காக ஓடித் தேய்ந்துவிட்டு எங்கள் பிள்ளைகளிடம் வந்தது? பில்லில் "புதியது" என்றிருக்கிறது. மானிட்டரோடு 33,000 ரூபாய். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் விசாரியுங்கள், அதில் பாதிகூட வராது.

விவரக்குறிப்பின்படிதான் வந்திருக்கிறது என்கிறீர்கள். உண்மைதான். ஆணையின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வாங்கிப் பார்த்தேன். "ஐ5 பிராசசர், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்." அவ்வளவுதான். எந்த ஜெனரேஷன் என்று ஒரு சொல் இல்லை. எங்கள் ஊர்ச் சந்தையில் மாடு வாங்க வருகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் முடிச்சை அவிழ்க்க மாட்டார். 2022-ல் வந்த ஐ3-12100 இந்த ஐ5-ஐ எந்த வேலையிலும் பின்னுக்குத் தள்ளிவிடும். அதைப் போட்டு, 8 ஜிபி ராம், இன்னொரு ஸ்டிக் பிறகு போட ஒரு ஸ்லாட் காலி, 256 ஜிபி எஸ்எஸ்டி, நல்ல எஸ்எம்பிஎஸ் என்று கேட்டிருந்தால் இதே பணத்தில் முடிந்திருக்கும். ஏழெட்டு வருடம் கவலையில்லை.

இப்போது என்ன நடக்கிறது? பீரியட் 40 நிமிடம். பெட்டி கண் விழிக்கவே அதில் ஒரு பங்கு போய்விடுகிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. எட்டாவது ஜெனரேஷனுக்கு முந்தைய பெரும்பாலான இன்டெல் சிப்களில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது என்பது 2021-லேயே தெரிந்த சேதி. ஆணை எழுதியவர் மட்டும் கேள்விப்படவில்லை போலிருக்கிறது. லினக்ஸ் போட்டுக்கொள்ளுங்களேன் என்றார் தங்கள் அலுவலகக் கண்காணிப்பாளர். போடலாம். கேரளத்து அரசுப் பள்ளிகள் பல வருடமாக அதில்தான் நடக்கின்றன. ஆனால் தேய்ந்த டிஸ்க்கை எந்த லினக்ஸ் காப்பாற்றும்? பழசுதான் வாங்கப் போகிறோம் என்றால் பழசு என்று சொல்லி, பழைய விலைக்கு வாங்கியிருக்கலாமே. எட்டாவது ஜெனரேஷன் ஆபீஸ் கணினிகளே செகண்ட் ஹாண்டில் தாராளமாகக் கிடைக்கின்றனவே.

தெரியாமல் நடந்த பிழை என்றுதான் நானும் நினைத்தேன், அதே ஆணையின் அடுத்த பக்கத்தைப் புரட்டும்வரை. அங்கே தங்கள் அலுவலகத்துக்கு இரண்டு கணினிகள். "12-ஆவது ஜெனரேஷன் ஐ5, 16 ஜிபி டிடிஆர்4, 512 ஜிபி எஸ்எஸ்டி, மூன்று ஆண்டு ஆன்சைட் வாரண்டி." எவ்வளவு துல்லியம்! ராம் எந்த வகை என்பதுவரை தெரிந்த கை, முந்தைய பக்கத்தில் பிள்ளைகள் என்றதும் மறந்துவிட்டதா? இந்த ஒரே கேள்விதான் எனக்கு. அதே கையெழுத்துதான் இரண்டு பக்கத்திலும் இருக்கிறது. உங்களுடையது.

விசாரணைக் குழு, விளக்கக் கடிதம் எதுவும் வேண்டாம். பிப்ரவரியில் பிளஸ் டூ செய்முறைத் தேர்வு வருகிறது. அந்த நாட்களுக்கு மட்டும் உங்கள் அலுவலகக் கணினிகள் இரண்டையும் எங்கள் லேபுக்கு அனுப்பிவையுங்கள். பதிலுக்கு ஜன்னலோர மூன்றாவது மேசைப் பெட்டியை உங்கள் அறைக்கு நானே என் செலவில் கொண்டுவந்து மாட்டித் தருகிறேன். கல்வித் துறையின் எமிஸ் பக்கத்தையும் சம்பள பில்லையும் அதில் திறந்து பாருங்கள். நடுவில் நின்றுபோனால் என்னைக் கூப்பிடாதீர்கள்; விவரக்குறிப்பின்படிதான் இருக்கும்.

இப்படிக்கு,
பெற்றோர் உறுப்பினர்,
பள்ளி மேலாண்மைக் குழு