பண்ணத்திக்கும் இடமுண்டு

முன்னொருகால் வகுப்பிற் 'சின்ன மாமியே' பாடிய மாணவனைக் கடிந்து நிறுத்தினேன். அடுத்த பாடமோ தொல்காப்பியச் செய்யுளியல். மக்கள் வழக்கிற் பயின்ற பண்ணத்தி என்னும் இசைப்பாட்டையும் ஆசிரியர் ஆங்கே ஒதுக்காது வைத்திருத்தல் கண்டு நாணினேன்.

உடுவிலுக்கு அணித்தாகிய உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் இயற்றிப் பாடி, 1970களில் ஈழமெங்கும் பரவிய பொப் பாடல் அது. மகளைத் தேடிவரும் இளைஞன் தாயோடு உரையாடுகின்றான். 'மாமி' என்னும் விளியில் உரிமையும் உண்டு, அச்சமும் உண்டு. இளமையின் வேட்கையைச் சுற்றத்தார் நடுவே நிறுத்திக் காட்டுதல் அகத்திணை மரபன்றோ?

நூல்நடையும் சினிமா நடையுமின்றி நம் முற்றத்துப் பேச்சே பாட்டாயினமையால், கிற்றார் ஒலித்தும் அஃது அயலாகவில்லை. கேட்டு மகிழ்ந்த தலைமுறை முதிர்ந்தும் பாட்டு முதிராமைக்கு இதுவே காரணம். அம்மாணவன் இன்று எதிர்ப்படின் சொல்வேன்: "பாடு தம்பி, பாடியபின் செய்யுளியலைத் திற."