விருந்தாளிகளாகவே போய்வந்தோம்

தமிழ் நாடக மேடையைத் தாங்கி நின்றவர்களில் பலர் வீட்டில் சோறில்லாமல் கம்பெனிக்கு வந்த பிள்ளைகள். தகப்பனை இழந்த எம்.ஜி.ஆர். தன் அண்ணன் சக்கரபாணியோடு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தது வயிற்றுப்பாட்டுக்காகத்தான். சிறுவன் கணேசன் தனக்கு யாருமே இல்லை என்று சொல்லி நாடகக் கம்பெனிக்குள் நுழைந்தார். பின்னாளில் சிவாஜி ஆனவர் அவர்தான். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபைக்கு வந்தபோது டி.கே. சண்முகம் ஆறேழு வயதுப் பிள்ளை.

அந்தக் கம்பெனிகள் சொர்க்கம் இல்லை. அடி உண்டு, பட்டினி உண்டு, சம்பளம் பெயருக்குத்தான். அவற்றை மீட்டுக்கொண்டுவரச் சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் பிள்ளைகள் படுத்த கூரையின் கீழேயே வாத்தியாரும் படுத்தார். சிறுவன் சண்முகம் நடிப்பதற்காகச் சுவாமிகள் ஒரே இரவில் 'அபிமன்யு சுந்தரி'யை எழுதி முடித்தார். ஒரு பொடியனுக்காகப் பெரிய மனிதர் ஒருவர் விடிய விடியக் கண்விழித்திருக்கிறார்.

மார்ச் 27, உலக நாடக நாள் கூட்டங்களில் இந்தக் கதையைச் சொல்லி நாடகக்காரர்களான நாம் கைதட்டல் வாங்குகிறோம். இன்று குழந்தைகள் இல்லங்களில் வளரும் பிள்ளைகளுக்காக நம்மில் யார் கண்விழித்தோம்?

போகவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆண்டு விழாவுக்குப் போனோம், கோடை முகாமுக்குப் போனோம். 2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரை ஊர்களுக்குக் குழுகுழுவாகப் போனோம். மூன்று நாள் பட்டறை, கடைசி நாளில் ஒரு நாடகம், சான்றிதழ், குழுப் புகைப்படம். வேனில் ஏறும்போது "அண்ணா, அடுத்து எப்ப வருவீங்க?" என்று கேட்ட பிள்ளைகளிடம் "சீக்கிரம் வர்றோம்டா" என்றோம். ஏற்கெனவே பெரியவர்கள் பலர் விட்டுப்போன பிள்ளைகள் அவர்கள். அந்த வரிசையில் நாமும் போய் நின்றோம்.

போன இடத்தில் என்ன செய்தோம் என்பதையும் பேச வேண்டும். நன்கொடையாளர்கள் வந்தால் வரிசையில் நின்று பாடுவதும், "அப்பா அம்மா என்ன ஆனாங்க?" என்று கேட்பவர்களுக்கு மனப்பாடமாக வைத்திருக்கும் பதிலை ஒப்பிப்பதும் அந்தப் பிள்ளைகளுக்குப் பழகிப்போன ஒன்று. நாமும் உங்கள் சோகத்தை நடித்துக் காட்டுங்கள் என்றோம். பார்வையாளர்கள் அழுதால் நாடகம் ஜெயித்தது என்று நம்பினோம்.

ஒரு முகாமில் பத்து வயதுப் பையன் ஒருவன் எந்த வேடமும் வேண்டாம் என்று சுவரோரமாகவே இருந்தான். நாங்கள் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து பெஞ்சுகளைப் பஸ்போல அடுக்கியதும் எழுந்து வந்து, "நான் கண்டக்டர்" என்றான். வாயிலேயே விசில் அடித்தான். ஒவ்வொருவரிடமும் எங்கே இறங்கணும் என்று கேட்டு, இல்லாத டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தான். ஒரு சின்னவள் ஊர் பெயர் சொல்லத் தெரியாமல் விழித்தபோது, "பரவால்ல, உனக்கு நான் சொல்றப்ப இறங்கு, அதுவரைக்கும் உக்காரு" என்றான். எந்த இல்லம், எந்தப் பள்ளி, எந்த ஊர் என்பதையெல்லாம் அதுவரை அவனுக்காக வேறு யாரோதான் முடிவு செய்திருந்தார்கள். அன்றைக்கு வண்டி அவன் விசிலுக்கு நின்றது, அவன் விசிலுக்குக் கிளம்பியது. நாங்களோ அந்தக் காட்சியை நறுக்கிவிட்டு, மதியம் நாங்கள் எழுதிக்கொண்டு போயிருந்த நாடகத்துக்குப் பிள்ளைகளைத் திருப்பினோம்.

நாடகம் இந்தப் பிள்ளைகளுக்குத் தருவது இதைத்தான் என்று நினைக்கிறேன். மனதில் உள்ளதைக் கொட்டித் தீர்ப்பது அடுத்த விஷயம். வேடம் என்ற மறைப்புக்குள் நின்றுகொண்டு முடிவெடுத்துப் பார்க்கலாம், கோபப்பட்டுப் பார்க்கலாம், பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். ஒத்திகையில் நீ வராவிட்டால் உன் எதிரில் நிற்பவனுக்குக் காட்சி இல்லை. தன்னை ஒருவர் எதிர்பார்த்துக் காத்திருக்கிறார் என்பதை அறிவுரையால் புரியவைக்க முடியாது. வாரா வாரம் ஒத்திகைக்கு வந்து நின்றால் தானாகப் புரியும். நாம் ஒத்திகையை விட்டுவிட்டு அரங்கேற்றத்தை மட்டும் கொடுத்தோம்.

லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் மேகி இன்ச்லியும் அவரோடு சேர்ந்தவர்களும் 'தி வெர்பேட்டிம் ஃபார்முலா' என்று ஒரு வேலையைச் செய்தார்கள். அரசுப் பராமரிப்பில் வளர்ந்த இளைஞர்களின் பேச்சைப் பதிவு செய்வார்கள். நடிப்பவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்தப் பேச்சைக் கேட்கக் கேட்க, இழுப்பும் திக்கலும் மௌனமும் மாறாமல் அப்படியே பேசிக் காட்டுவார். கேட்க உட்கார்ந்திருப்பவர்களில், அப்படிப்பட்ட பிள்ளைகளின் வாழ்க்கையில் முடிவெடுக்கும் சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். பேசியது யார் என்று காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை, பேச்சு போய்ச் சேர வேண்டிய காதுக்குச் சேர்ந்துவிடுகிறது. தெருக்கூத்தும் வீதி நாடகமும் கைவசம் இருக்கும் நமக்கு, ஒரு குழந்தைகள் நலக் குழுவின் உறுப்பினர்களை உட்காரவைத்துப் பிள்ளைகளின் குரலைக் கேட்கச் செய்யத் தோன்றவில்லை.

சட்டத்தைச் சாக்குச் சொல்லவும் வழியில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், இல்லங்கள் தர வேண்டிய சேவைகளில் விளையாட்டோடு கலை நிகழ்ச்சிகளையும் சேர்த்தே சொல்கிறது. பிள்ளைகளின் அடையாளம் வெளியே தெரியக்கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. முதலாவதை நாம் கேட்டு வாங்கவில்லை. இரண்டாவதை, முகம் தெரியும் படங்களை முகநூலில் போட்டு மீறினோம்.

பதினெட்டு முடிந்து இல்லத்தைவிட்டு வெளியே வருகிறவர்களை இன்னும் மோசமாகக் கைவிட்டோம். பின்பராமரிப்பு என்று 21 வயதுவரை அரசு உதவிக்கு ஏற்பாடு உண்டு. அது கிடைத்தாலும் சாயங்காலம் போய் உட்கார ஓர் இடமும் நாலு பேரும் வேண்டுமே. நம் குழுக்களில் அப்படி வந்து சேர்ந்தவர்களை நினைத்துப் பார்த்தால் முகங்கள் ஞாபகத்துக்கு வர மறுக்கின்றன. லைட் பிடிக்க ஆள் இல்லை, செட் தூக்க ஆள் இல்லை, புதியவர்கள் வருவதே இல்லை என்று நாம் புலம்பிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள்தான் அவை.

வருகிற ஜூனில் பள்ளி திறக்கும்போது, ஒரு குழு ஒரே ஒரு இல்லத்தை எடுத்துக்கொள்ளட்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்குவோம். ஏப்ரல்வரை வாரம் ஒரு மாலை, அதே கிழமை, அதே ஆட்கள். ஒருவருக்கு வர முடியாமல் போனால், யார் வருவார் என்று முந்தின வாரமே பிள்ளைகளிடம் சொல்லிவிடுவோம். நாடகம் போடுவதா வேண்டாமா என்பதை டிசம்பர் வாக்கில் அவர்களே முடிவு செய்யட்டும். கேமரா வேண்டாம்.